சங்க ஜீப்பிற்கு ஏற்ற டயரும் கியரும்

மலைச்சரிவுகளில் மிளகும் காப்பியும் பழவகைகளும் பயிரிடும் அங்கத்தினர்களைக் கொண்ட சங்கங்களுக்கு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. மழைக்காலத்தில் தோட்டத்திலிருந்து மூட்டை இறக்கவும், உரம் ஏற்றிச் செல்லவும் வேறு வண்டி உதவாத இடங்கள் இன்னும் உள்ளன. நூல் சிப்பங்களைக் கொண்டுவரவும், துணிக் கட்டுகளை விற்பனை நிலையங்களுக்குச் சேர்ப்பிக்கவும் பழைய ஜீப் ஒன்றை வைத்துக் காலங்கடத்தும் நெசவாளர் சங்கங்களும் உண்டு.

இவ்வண்டிகளின் ஓட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சேற்றுக்கும் பாறைக்கும் என்று கருதி வாங்கிய வண்டி, தன் ஓட்டத்தில் மிகப் பெரும் பகுதியைத் தார்ச்சாலையிலேயே கழிக்கிறது. தோட்டத்து மண்பாதை 2 மைல் இருக்கும். அங்கிருந்து சந்தைக்குச் செல்லும் சாலையோ 30 மைல் இருக்கும். முன்னர் ஜீப் மட்டுமே ஏறிய மலைப்பாதைகள் பல பிற்காலத்தில் தார்ச்சாலைகளாகிவிட்டன. அவ்வாறாயின், அந்த 2 மைலுக்காக டயர் வாங்குவதா, 30 மைலுக்காக வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்விக்கு நிர்வாகக் குழுக்கள் பெரும்பாலும் கணக்குப் பார்த்து விடை காண்பதில்லை. கடைக்காரர் காட்டிய பெரிய டயரின் தோற்றத்தைக் கண்டு தீர்மானம் நிறைவேற்றிவிடுகின்றன. அதனால் விளையும் நஷ்டம் டயரின் கிரயத்தோடு நிற்பதில்லை. டீசல் செலவிலும், வாடகை வரவிலும், மலையிறக்கத்தில் உயிர்ப் பாதுகாப்பிலும் அது தொடர்கிறது.

டயர் வேறு, கியர் வேறு என்று எண்ணுவதே இத்தவற்றுக்கு மூலம். அவை இரண்டும் ஒரே பேரேட்டின் பற்றும் வரவும் போன்றவை. ஒன்றில் கைவைத்தால் மற்றொன்றில் அது தானே பதிந்துவிடும். இதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராட்டையும் பாவு உருளையும்

தார் சுற்றும் ராட்டையை அறியாத நெசவாளர் இல்லை. பெரிய சக்கரம் ஒரு முறை சுழல, சிறிய கதிர் பல முறை சுழல்கிறது. வேகம் பெருகுகிறது, ஆனால் கதிரின் விசை குறைகிறது. விரலால் பிடித்தாலே கதிர் நின்றுவிடும். மோட்டார் வண்டியின் ஆக்ஸிலுக்குள் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே சிறிய பல்சக்கரமாகிய பினியன் பல முறை சுழன்று, பெரிய பல்சக்கரமாகிய கிரவுனை ஒரு முறை சுழற்றுகிறது. வேகம் குறைகிறது, விசை பெருகுகிறது. பினியனில் 8 பற்களும் கிரவுனில் 43 பற்களும் இருப்பின், 43ஐ 8ஆல் வகுக்கக் கிடைக்கும் 5.38 என்பதே அந்த ஆக்ஸிலின் பல்விகிதம். கிரவுனில் 39 பற்கள் இருப்பின் விகிதம் 4.88 ஆகும். எண் பெரிதானால் இழுவை அதிகம், வேகம் குறைவு. எண் சிறிதானால் வேகம் அதிகம், இழுவை குறைவு.

இனி, பாவு சுற்றும் பெரிய உருளையை நினைவிற்கொள்க. உருளையின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு நூலே ஒரு சுற்றில் ஏறும். உருளையைப் பெரிதாக்கினால் ஒரு சுற்றில் ஏறும் நூல் அதிகமாகும். சுற்றுபவரின் கைக்கோ பளுவும் அதிகமாகும். டயரும் அத்தகையதே. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும். அதற்கேற்ப எஞ்சினுக்குப் பளுவும் கூடும். ஆகவே டயரைப் பெரிதாக்குவதும், ஆக்ஸிலின் பல்விகிதத்தைக் குறைப்பதும் எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே காரியம்தான்.

ஜீப்பின் பரம்பரை கூறும் செய்தி

இவ்வுண்மையை ஜீப்பை உருவாக்கியவர்களே நன்கு அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க நாட்டு வில்லிஸ் கம்பெனி இராணுவத்திற்குச் செய்தளித்த எம்.பி. என்னும் ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 4.88. போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அதே கம்பெனி குடியானவர்களுக்கென்று சி.ஜே. 2ஏ என்னும் ஜீப்பை வெளியிட்டபோது அவ்விகிதத்தை 5.38 ஆக உயர்த்தியது. டிரான்ஸ்பர் கேஸில் உள்ள தாழ்ந்த கியரின் விகிதமும் 1.97இலிருந்து 2.43 ஆக உயர்ந்தது. இராணுவ வண்டி சாலையில் விரைந்தோட வேண்டும். குடியானவரின் வண்டியோ ஏர் இழுக்கவும் சுமை இழுக்கவும் வேண்டும் என்பதே காரணம்.

இவ்வேறுபாட்டின் பயனைப் பெருக்கிப் பார்க்கலாம். சி.ஜே. ஜீப்பின் முதற் கியர் 2.80. அதனை 2.43ஆலும் 5.38ஆலும் பெருக்கினால் சுமார் 36½ வருகிறது. அதாவது எஞ்சின் 36½ முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். எஞ்சின் நிமிஷத்திற்கு 1,000 முறை சுழலும்போது வண்டி மணிக்கு 3½ கிலோ மீட்டரைச் சற்றே தாண்டும். இது ஆள் நடக்கும் வேகமே. இராணுவ ஜீப்பிலோ இப்பெருக்குத்தொகை சுமார் 25½ மட்டுமே. இரண்டு வண்டிகளிலும் பொருத்தப்பட்ட டயரோ அதே 6.00-16 அளவுள்ள ஒடுங்கிய டயர்தான். டயரை மாற்றாமல் பல்லை மாற்றியே வேலையை மாற்றினர் என்பது கவனிக்கத்தக்கது.

1940களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. நமது மலைத்தோட்டங்களில் பரவிய ஜீப்புகள் இந்தப் பரம்பரையில் வந்தவை. வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்த வண்டிகளின் ஆக்ஸில் விகிதம் வெவ்வேறாக இருக்கும். போதாக்குறைக்கு, கைமாறி வந்த பழைய வண்டியில் யார் எந்த ஆக்ஸிலைப் பூட்டினார்கள் என்பதும் தெரியாது. எனவே ஊகத்தை விட்டு அளந்தறிவதே நேர்வழி.

அளந்தறியும் முறை

டயரின் அளவு அதன் பக்கச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 6.00-16 என்றால் டயரின் அகலம் சுமார் 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மில்லி மீட்டர்; பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 100க்கு 75 பங்கு; ரிம் 15 அங்குலம்; 'ஆர்' என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். பக்கச் சுவரின் உயரத்தை இரட்டித்து, ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் டயரின் முழு விட்டம் கிடைக்கும். மேற்கூறிய டயருக்கு அது சுமார் 70 சென்டி மீட்டர்.

ரிம் பெரிதானால் டயரும் அதே அளவு உயரும் என்று கருதுவது பிழை. 2020இல் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டிக்கு 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18 என்னும் இரு அளவுகளில் டயர் தரப்பட்டது. ரிம்மில் 2 அங்குல வித்தியாசம் இருந்தும், டயரின் முழு விட்டத்தில் உள்ள வித்தியாசம் 100க்கு 2 பங்குதான். உற்பத்தியாளர் இவ்வளவு நெருக்கமாக அளவைக் காப்பதற்குக் காரணம் கியர் கணக்கே.

பாரம் ஏறிய டயர் சற்று அமுங்குமாதலால், உருளும் தூரத்தை நேரில் அளப்பது இன்னும் நல்லது. காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, வழக்கமான பாரத்தோடு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, சக்கரம் ஒரு சுற்று உருளும்வரை வண்டியைத் தள்ளி, இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்துகொள்க.

பல்விகிதத்தை ஆக்ஸிலைப் பிரிக்காமலே அறியலாம். கியரையும் டிரான்ஸ்பர் கேஸையும் நியூட்ரலில் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கவேண்டும். பழைய ஜீப்புகளில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காமல் பின்னோக்கிச் செல்லும் ஷாஃப்டையே பிடிக்குமாதலால் அதனைத் தளர்த்திவிடவேண்டும்; கட்டை கொடுப்பது இதனாலேயே மிகவும் முக்கியம். பிறகு தூக்கிய சக்கரத்தைக் கையால் மெல்லச் சரியாக 2 சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுக. 5 சுற்றும் மேலும் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமும் வந்தால் விகிதம் 5.38, 5 சுற்றுக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. மறுபுறச் சக்கரம் நிற்பதால் டிஃபரன்ஷியல் சுழற்சியைப் பாதியாக்குகிறது. ஆதலின்தான் 2 சுற்று. வண்டிக்கு அடியில் எவரும் படுத்திருக்க, இதனைச் செய்தல் கூடாது.

கணக்கு

மணிக்கு 60 கிலோ மீட்டர் என்றால் நிமிஷத்திற்கு 1,000 மீட்டர். 6.00-16 டயர் ஒரு சுற்றில் 2.22 மீட்டர் உருள்வதாகவும், 7.50-16 டயர் 2.45 மீட்டர் உருள்வதாகவும் கொள்வோம். 1,000ஐ 2.22ஆல் வகுத்து 5.38ஆல் பெருக்கினால், நேர் விகிதமுள்ள மேல் கியரில் எஞ்சினின் சுழற்சி கிடைக்கும். அவ்வாறு கணக்கிட்ட முடிவுகளைக் கீழே தருகிறோம்.

ஆக்ஸில் 5.38, சிறிய டயர்: 60 கி.மீ. வேகத்தில் 2,420 சுழற்சி, 80 கி.மீ. வேகத்தில் 3,230.

ஆக்ஸில் 5.38, பெரிய டயர்: 60இல் 2,200, 80இல் 2,930.

ஆக்ஸில் 4.88, சிறிய டயர்: 60இல் 2,200, 80இல் 2,930.

ஆக்ஸில் 4.88, பெரிய டயர்: 60இல் 1,990, 80இல் 2,660.

இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒன்றாக இருப்பதை அங்கத்தினர்கள் நோக்குவார்களாக. பெரிய டயரால் கிடைக்கும் அமைதியான ஓட்டத்தைச் சிறிய டயரை வைத்துக்கொண்டே, ஆக்ஸிலின் பல்லை மாற்றியும் பெறலாம்.

பழைய வில்லிஸ் பெட்ரோல் எஞ்சின் 4,000 சுழற்சியில்தான் தன் முழுத்திறனான 60 குதிரைத்திறனைத் தந்தது. அதற்கு 3,230 என்பது தாங்கக்கூடியதே. ஆனால் பிற்காலத்தில் பூட்டப்பட்ட டீசல் எஞ்சின்களின் உச்சச் சுழற்சி பொதுவாக இதனிலும் குறைவு. 5.38 ஆக்ஸிலோடு அத்தகைய எஞ்சின் நெடுஞ்சாலையில் ஓடும்போது கதறுகிறது, டீசலும் வீணாகிறது. ஆகவே நாள்தோறும் சமவெளிச் சாலையில் ஓடும் பழைய ஜீப்பிற்கு விகிதத்தைச் சற்றுத் தளர்த்துவது நியாயமே. நான்காவது வரியில் உள்ளவாறு இரண்டையும் சேர்த்துச் செய்வதே கூடாது. சுமையோடு சிறு மேட்டைக் கண்டாலும் அவ்வண்டி திணறும்; டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டுவார்; கிளட்ச் தகடு விரைவில் தேயும்.

நாலு கியரிலோ மூன்று கியரிலோ ஓடும் பழைய வண்டிகளுக்கே இந்தச் சங்கடம். ஐந்தாவது, ஆறாவது கியர் உள்ள புதிய வண்டிகளில் மேல் கியரில் ஷாஃப்ட் எஞ்சினைவிட விரைவாகச் சுழலுமாறு அமைத்துவிடுகின்றனர். அவற்றுக்குச் சாலை வேகத்திற்கென்று டயரைப் பெரிதாக்கவேண்டிய அவசியமே இல்லை.

ஏற்றமும் இறக்கமும்

10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் 1,800 கிலோ எடையுள்ள வண்டியை மேலிழுக்க, உருளும் தடையை நீக்கியே, சுமார் 180 கிலோ விசை வேண்டும். மேற்கூறிய பெரிய டயரைப் பூட்டியபின், அதே கியரில் அதே எஞ்சின் தரும் இழுவிசை 100க்கு 9 பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவதற்கு இறங்கவேண்டி வரும். நேரமும் டீசலும் கூடுதலாகும். இது பணத்தோடு போகும் நஷ்டம்.

இறக்கத்தில் வரும் குறைவோ பணத்தோடு போவதன்று. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே பாரத்தோடு இறங்கும் வண்டியைக் காப்பாற்றுவது பிரேக் மட்டுமன்று; தாழ்ந்த கியரில் எஞ்சின் பிடிக்கும் பிடியும் ஆகும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்று மூத்த டிரைவர்கள் கூறுவது இதுபற்றியே. டயர் பெரிதானால் எஞ்சினின் பிடி அதே 100க்கு 9 பங்கு தளர்கிறது. பிரேக்கும் அவ்வாறே, கால் மிதிக்கும் அழுத்தம் மாறாதிருந்தும், சக்கரத்தின் விளிம்பில் கிடைக்கும் தடுப்புவிசை குறைகிறது. பழைய ஜீப்பின் டிரம் பிரேக்குகள் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பிழக்கும் இயல்பின. இருக்கும் பிரேக்கில் பத்திலொரு பங்கை இழந்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு மூட்டைகளோடும் நாலைந்து ஆட்களோடும் மலையிறங்குவது எவ்வளவு விபரீதமானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! வண்டியின் உடலும் சற்று உயர்ந்துவிடுவதால் வளைவுகளில் சாயும் தன்மையும் மிகுகிறது.

குறிப்பேட்டில் விழும் பிழை

இனி நாம் கூறப்போவது சங்கக் கணக்கைப் பற்றியது. பழைய ஜீப்பின் ஸ்பீடோமீட்டர், டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டின் சுழற்சியையே எண்ணுகிறது. டயரின் அளவு அதற்குத் தெரியாது. டயரைப் பெரிதாக்கினாலும், ஆக்ஸில் விகிதத்தைக் குறைத்தாலும், மீட்டர் உண்மைத் தூரத்தைவிடக் குறைத்தே காட்டும். புதிய வண்டிகளில் எண்ணும் கருவி மின்சாரத்தால் இயங்கினும், டயர் அளவை மாற்றினால் பிழை பிழையே.

மலைப்பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்றைத் தணிக்கை செய்யச் சென்றபோது நாம் கண்டதை இங்குக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். அச்சங்கத்தின் ஜீப் முன்னர் ஒரு லிட்டர் டீசலுக்கு 10½ கிலோ மீட்டர் ஓடியதாகக் குறிப்பேடு காட்டிற்று. பிறகு சில மாதங்களாக 9 கிலோ மீட்டராகக் குறைந்திருந்தது. டிரைவர் டீசலை வெளியில் விற்கிறார் என்று நிர்வாகக் குழு முடிவு செய்து, அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யத் தீர்மானமும் போட்டிருந்தது. பல ஆண்டுகள் உழைத்த அந்த மனிதர், தாம் ஒரு சொட்டும் எடுக்கவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்ல அறியார். செலவுச் சீட்டுகளைப் புரட்டியதில், மீட்டர் குறையத் தொடங்கிய அதே மாதத்தில் 6.00-16 டயர்களுக்குப் பதிலாக, தடித்த பட்டன் உள்ள 7.50-16 டயர்கள் வாங்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

தலைவரையும் காரியதரிசியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையின் கிலோ மீட்டர் கற்களை எண்ணி 10 கிலோ மீட்டர் சென்றோம். மீட்டர் 9ஐச் சற்றே தாண்டி நின்றது. அந்த விகிதப்படி திருத்தினால், 9 என்று எழுதப்பட்ட ஓட்டம் உண்மையில் ஏறக்குறைய 10 ஆகிறது. மிச்சமுள்ள அரைக் கிலோ மீட்டர், கனத்த டயரும் தடித்த பட்டனும் தார்ச்சாலையில் விழுங்கியது என்று கொள்ளத் தடையில்லை. குழு தன் தீர்மானத்தை ரத்து செய்து, பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுத்தது.

அதே கணக்கில் மற்றொரு பிழையும் இருந்தது. அங்கத்தினர்களின் விளைபொருளை ஏற்றிச் சென்றதற்கான கட்டணம் கிலோ மீட்டர்ப்படியே வசூலிக்கப்பட்டது. உண்மையில் 1,000 கிலோ மீட்டர் ஓடினால் 906க்குத்தான் பில் எழுதப்பட்டது. 94 கிலோ மீட்டருக்கான டீசலும் தேய்மானமும் சங்கத்தின் தலையில் விழுந்தன. எண்ணெய் மாற்றும் தவணையும் அவ்வாறே தள்ளிப்போயிற்று. மீட்டர் 60 காட்டும்போது வண்டி மணிக்கு 66 கிலோ மீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தது என்பதையும் டிரைவர் அறியார்.

அகலமும் பட்டனும்

அகன்ற டயர் எல்லா இடத்திலும் நன்மை தரும் என்பதும் உண்மையன்று. மணலில் அகலம் உதவும். மேலே சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள நமது மலைப்பாதைகளிலோ, ஒடுங்கிய டயர் சேற்றைப் பிளந்து அடித்தரையைப் பற்றிக்கொள்கிறது. அகன்ற டயர் ஸ்டியரிங்கைக் கனமாக்கும். வீல் பேரிங்குகளுக்குப் பளு கூட்டும். முழு வளைப்பில் ஸ்பிரிங் பட்டையிலோ மட்காட்டிலோ உரசும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே வீச்சில் திரும்பாமற்போவது இதனால்தான்.

தடித்த, இடைவெளி மிகுந்த பட்டன் உள்ள டயர் சேற்றுக்கு உரியது. தார்ச்சாலையில் அதன் இரைச்சல் அதிகம், தேய்வு விரைவு, மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் அதிகம். முழுதும் சாலைக்கென்று ஆன டயரோ களிமண்ணில் மொழுகிப்போகும். சாலை பெரும்பகுதியும் மண்பாதை சிறுபகுதியுமாக ஓடும் சங்க வண்டிக்கு, இரண்டிற்கும் பொதுவான நடுத்தரப் பட்டனே தக்கது. மழைக்காலத்துச் சில வாரங்களுக்கு மட்டும் பின்சக்கரங்களுக்குச் சங்கிலி வைத்துக்கொள்வது, ஆண்டு முழுதும் சேற்று டயரில் ஓடுவதைவிடச் சிக்கனமாகும். தார்ச்சாலை வந்ததும் அதனைக் கழற்றிவிடவேண்டும்.

மண்பாதையில் பிடிப்பிற்காகக் காற்றைக் குறைப்பவர்கள், சாலை ஏறுமுன் மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குறைந்த டயர் தார்ச்சாலையில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். டயர் வாங்கும்போது அதன் பாரம் தாங்கும் எண்ணையும் பார்க்கவேண்டும். 100 என்ற எண் ஒரு டயருக்கு 800 கிலோவைக் குறிக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் டயர் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நெடுநாள் கிடங்கில் கிடந்த டயரைப் புதிது என்று கொள்முதல் செய்யாதிருக்க இது உதவும்.

நான்கு சக்கர இழுவையின் நியதிகள்

முன் ஆக்ஸிலின் விகிதமும் பின் ஆக்ஸிலின் விகிதமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். செலவைக் குறைக்க எண்ணிப் பின் ஆக்ஸிலில் மட்டும் 4.88 பல்லைப் பூட்டி, முன்னதை 5.38ஆக விட்டுவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்திழுத்து டிரான்ஸ்பர் கேஸின் பற்கள் முறியும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ஆக்ஸில் வாங்குவோர், இரண்டையும் சோதித்துச் சோடியாகவே வாங்கவேண்டும். பல் மாற்றும் வேலையையும் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடைவெளி வைத்துப் பழகிய மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும்.

நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்வுடன் இருக்கவேண்டும். ரேடியலையும் பழைய வகை டயரையும் கலத்தல் ஆகாது. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டவும் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருளவேண்டும். சேற்றில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் அதற்கு இடமின்றி, டயரும் பல்லும் தேய்ந்து அழியும்.

குழு செய்யவேண்டியவை

டயர் மாற்றும் தீர்மானம் வருமுன், மூன்று மாத ஓட்டத்தைத் தார்ச்சாலை, சரளைச் சாலை, மண்பாதை என்று பிரித்து எழுதுக. பாரத்தோடு ஏறியிறங்கும் செங்குத்தான இடம் எது, அங்கே எந்தக் கியர் போதுமானதாக இருக்கிறது என்று டிரைவரைக் கேட்டறிக. அவரைக் குழுக் கூட்டத்திற்கே அழைத்துக் கேட்பது நன்று. சுற்றளவையும் பல்விகிதத்தையும் அளந்து, மேற்கூறியவாறு கணக்கிடுக. உற்பத்தியாளர் குறித்த விட்டத்திலிருந்து 100க்கு 3 பங்குக்கு மேல் விலகாதிருத்தல் நடைமுறையில் பாதுகாப்பான எல்லை எனலாம். 5.38 ஆக்ஸில் உள்ள பழைய ஜீப் ஆண்டு முழுதும் சமவெளியில்தான் ஓடுகிறது என்றால், டயரை விட்டுவிட்டு இரண்டு ஆக்ஸில்களின் பல்லையும் மாற்றும் செலவையும், அதனால் மிச்சமாகும் டீசலையும் ஒப்பிட்டு முடிவு செய்க. மலையேறும் வண்டியாயின் உள்ள விகிதத்தையே வைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டுவதே மேல்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றபின்னரே பணம் செலவிடுக. பட்டனின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்ட மொட்டை டயரில் ஓட்டுவதும் விதிகளுக்கு முரணானது.

எவ்வகை மாற்றம் செய்யினும், முடிந்த அன்றே கிலோ மீட்டர் கற்களைக் கொண்டு மீட்டரைச் சோதித்து, திருத்த எண்ணைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதித் தலைவரும் காரியதரிசியும் டிரைவரும் கையொப்பமிடுவார்களாக. கட்டணம், டீசல், எண்ணெய் மாற்றும் தவணை ஆகிய மூன்றும் அத்திருத்த எண்ணின்படியே கணக்கிடப்படவேண்டும்.

சங்கத்தின் வண்டி அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்குத் தொகையிலும் ஓடுகிறது. அதன் டயரும் கியரும் பார்ப்போர் கண்ணுக்கு அழகாக இருப்பதைவிட, ஓடும் சாலைக்கும் ஏற்றும் பாரத்திற்கும் எழுதும் கணக்கிற்கும் பொருந்தியிருப்பதே முக்கியமாகும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் வண்டிச் செலவு விவாதத்திற்கு வரும்போது, டயரின் அளவு என்ன, ஆக்ஸிலின் விகிதம் என்ன, மீட்டர் சோதிக்கப்பட்டதா என்னும் மூன்று கேள்விகளையும் அங்கத்தினர்கள் தவறாது கேட்பார்களாக.